கதவைக் கழற்றிய அக்கா

அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் கதவிலிருந்துதான் தொடங்குவார்கள். நானும் அங்கிருந்தே தொடங்கித் தொலைக்கிறேன். மாணவர் நல அலுவலகத்துக்கு அதிகாரியாக வந்த முதல் வாரமே அவர் தச்சரை வரவழைத்துத் தன் அறைக் கதவைக் கழற்றச் சொன்னார்.

தச்சர் கதவை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானேம்மா இருக்கு? கரையான்கூட இல்லையே."

"கரையான் இருந்தா மருந்து அடிச்சிருப்பேன். கதவே வேணாம், கழட்டுங்க."

வெளியறையில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் எழுத்தர் நான். அந்த அலுவலகத்தில் அவருக்கு முன்பே ஆறு வருஷம் ஓட்டியவன். இதற்கு முன் இருந்த அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே தூங்குவார். அவருக்கு நான் காவல். இந்த அம்மாள் கதவையே கழற்றினால் இனி என் கொட்டாவிகூட உள்ளே கேட்குமே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கழற்றிய கதவைத் தூக்கிப் போட மனமில்லாமல் தச்சர் அதை இரண்டு மரத் தாங்கிகளின் மேல் படுக்கப் போட்டு, என் அறையில் நீள மேஜையாக்கிவிட்டுப் போனார். படிவங்களை அடுக்க வசதியாக இருந்தது.

காரணத்தை அவர் வாயாலேயே பிறகு ஒருநாள் சொன்னார். பத்தொன்பது வயதில் அவரும் ஒரு கல்லூரி மாணவி. தேர்வுப் படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. சாத்தியிருந்த கதவின் முன்னால் இரண்டு நாள் நின்றிருக்கிறார். தட்டக் கூச்சம். உள்ளே பேச்சுக் குரல் கேட்கும்போது தட்டினால் தப்பாக நினைப்பார்களோ, குரல் கேட்காதபோது தட்டினால் தூக்கத்தைக் கெடுத்ததாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே நின்றாராம். மூன்றாம் நாள் கடைசித் தேதி போய்விட்டது. ஒரு வருஷம் வீணானது.

"தட்டியிருந்தா திறந்திருப்பாங்க தம்பி. அது எனக்கும் தெரியும். ஆனா தட்டத் தெரியாத பிள்ளைன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்குத்தான் நம்ம ஆபீஸே" என்றார்.

துணைவேந்தரிலிருந்து கூட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். அவருக்கு நான் தம்பி. என் மகனுக்கு மீசை முளைத்த பிறகும் தம்பிதான். அவருடைய கணவர் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியர், வாய்த்துடுக்கு உள்ள மனிதர். கதவு விஷயம் கேள்விப்பட்டு, "வீட்டுல குளியலறைக் கதவை மட்டும் விட்டு வை, புண்ணியமாப் போகும்" என்று சொன்னதாக அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

வேலை என்று பார்த்தால் அவர் ராட்சசி. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு பட்டியல் வரும். வகுப்புக்கு வருவது குறைந்துபோன பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்கும். நாங்கள் அதைக் குறைவு லிஸ்ட் என்போம். முந்தைய அதிகாரி காலத்தில் அது வந்த வேகத்தில் அலமாரிக்குப் போகும். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் போன் போடுவார். "ஏன் வரலை" என்று ஒருநாளும் கேட்க மாட்டார். "சாப்பிட்டியா? இப்ப எங்கே இருக்கே?" என்றுதான் ஆரம்பிப்பார். காது கேட்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிறகு வருவதையே நிறுத்திய பையனை முதல் பெஞ்சுக்குக் கொண்டுவந்தது அந்த லிஸ்ட்தான். அறைத்தோழிகளோடு சண்டை போட்டுவிட்டு ஊருக்கே கிளம்பியவளைப் பேருந்து நிலையத்தில் பிடித்து நிறுத்தியதும் அதுதான். பட்டம் வாங்கிய கையோடு எங்கள் அறைக்கு வந்து கண் கலங்கி நின்றவர்களை விரல்விட்டு எண்ண முடியாது. நான் பெருமையாகச் சொல்லவில்லை, என் கண்ணால் பார்த்தது.

கதவில்லாத அறையில் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். நாற்காலி போதாமல் ஜன்னல் விளிம்பில்கூட உட்காருவார்கள். ஒருவன் கஷ்டத்தை இன்னொருவன் கேட்டு அவனே வழி சொல்லும் கூத்தும் நடக்கும். அக்காவுக்கு அதில் ஒரே சந்தோஷம். "பாருங்க தம்பி, சந்தை மாதிரி இருக்கு" என்பார்.

அந்தச் சந்தைக்குள்தான் ஒருநாள் அந்தப் பெண் வந்தாள்.

முதல் வருஷம், இயற்பியல் துறை. சேர்ந்து மூன்று வாரம் இருக்கும். ஒல்லியாக, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஐந்து பேர். அதில் ஒருத்தி அவள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண்ணோடு சேர்ந்தவள். அக்கா நிமிர்ந்து, "வாம்மா, என்ன வேணும்?" என்றார். அவள் ஒரு முறை எல்லோரையும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. ஏதாவது வேலை இருந்தா செய்யலாம்னு வந்தேன்."

வேலை இருந்தா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்பதா! எங்களுக்குத் தலைக்கு மேல் கிடந்தது. அக்கா முகம் மலர்ந்துவிட்டது. அன்றைக்கே கதவு மேஜையில் அவளுக்கு ஒரு மூலை ஒதுக்கி, படிவங்களைத் துறைவாரியாகப் பிரிக்கக் கொடுத்தோம்.

அவளுக்கு அரைநிமிஷம் என்று பெயர் வைத்தது நான்தான். எதைச் சொன்னாலும் "அரை நிமிஷம் அண்ணா, முடிச்சுடறேன்" என்பாள், சொன்னபடியே முடித்தும்விடுவாள். புதிதாய்ச் சேரும் பிள்ளைகளுக்கு வழி காட்டுவாள், கருத்தரங்குக்கு நாற்காலி எண்ணுவாள், ரத்ததான முகாமில் பெயர் எழுதுவாள். பாடம் மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு படிவம் உண்டு. சேர்ந்த முப்பது நாளுக்குள் கொடுத்தால் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாறலாம். எழுதத் தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு அந்தப் படிவத்தையும் அவளே உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்பாள். நான் பாட்டுக்குத் தேநீர் குடிக்கப் போவேன். வேலை தானாக நடந்தது.

வகுப்பு நேரத்தில் வேலை வந்தால் அதற்கும் வழி இருந்தது. மாணவர் நல அலுவலகப் பணியில் இருந்தார் என்று நாங்கள் ஒரு சீட்டுக் கொடுப்போம். அதை ஓ.டி. சீட்டு என்பார்கள். அது இருந்தால் வகுப்புக்கு வராத நாளும் வந்த நாளாகிவிடும். பருவத்துக்குப் பத்து நாளுக்கு மேல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதும் நான், அவளுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்ததும் நான். அக்கா பேசிக்கொண்டே கையெழுத்துப் போடுவார். சில நாள் அவளாகவே கேட்பாள். "நாளைக்குக் காலையில சீட்டு இருக்குமாக்கா? வேலை நிறையக் கிடக்கே." என்ன பொறுப்பான பெண் என்று நாங்கள் இருவரும் மெச்சிக்கொள்வோம்.

"பாடமெல்லாம் எப்படிம்மா போகுது?" என்று அக்காவும் கேட்காமல் இல்லை. கையில் ஒரு கட்டு உறையைக் கொடுத்துக்கொண்டே கேட்பார். "பரவாயில்லக்கா" என்று அவள் உறையை வாங்கிக்கொள்வாள்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர் குறைவு லிஸ்டில் வந்தது. அவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. எப்படி வரும்? நாங்கள்தான் சீட்டுக் கொடுத்து வராமல் பார்த்துக்கொண்டோமே.

இரண்டாம் வருஷத் தேர்வு முடிவு வந்த பிறகு, எட்டுத் தாளுக்கு மேல் தவறியவர்களுக்கு இடம் போய்விட்டதாகப் பதிவாளர் அலுவலகம் கடிதம் அனுப்பும். அந்த வருஷம் அங்கே ஆள் இல்லை என்று முகவரி ஒட்டும் வேலையை எங்கள் தலையில் கட்டினார்கள். ஒட்டிய உறைகள் முப்பத்தேழு, முகவரிச் சீட்டு முப்பத்தேழு. நான் பட்டியலைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், அது என் வேலை. பசைக் குப்பியோடு மொத்தத்தையும் கதவு மேஜையில் அவள் முன்னால் வைத்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள தபாலுக்குப் போகணும்" என்றேன்.

"அரை நிமிஷம் அண்ணா."

நாலு மணிக்குக் கட்டு தயாராக இருந்தது. ஒவ்வொரு முகவரியும் கோணாமல், மூலை தூக்காமல் ஒட்டியிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு, "வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தலை நிமிராமல் தலையை ஆட்டினேன்.

மறுநாள் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் அக்கா உள்ளிருந்து, "அரைநிமிஷத்தை எங்கே காணோம்? உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அந்த உறைக் கட்டு நினைவுக்கு வந்தது. பதிவாளர் அனுப்பிய பட்டியலின் நகலை எடுத்தேன். பத்தொன்பதாவது பெயர் அவளுடையது. தன் பெயருக்குத் தானே பசை தடவி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

அக்காவிடம் பட்டியலைக் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை. அறையில் இருந்த பிள்ளைகளையெல்லாம் "அப்புறம் வாங்கப்பா" என்று அனுப்பினார். நான் அந்த அலுவலகத்தில் பார்த்த வரையில் அவர் யாரையும் போகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு ஓ.டி. சீட்டுகளின் நகல் கட்டை எடுத்து வரச் சொன்னார். இருவரும் கதவு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினோம். நாலு பருவத்தில் நாற்பது நாள் கொடுத்திருக்கலாம். நாங்கள் கொடுத்தது நூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் அக்காவின் கையெழுத்து. எல்லாவற்றிலும் என் தட்டச்சு.

இடம் போனவர்கள் அறுபது நாளுக்குள் ஒரே ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம். அதற்கு எங்கள் அலுவலகத்திலிருந்து காரணம் சொல்லிக் கடிதம் வேண்டும். மாணவரின் தவறு இல்லாத காரணம் இருந்தால் மேல்முறையீட்டுக் குழு இரங்கும். அக்கா அவளுக்குப் போன் செய்தார். எடுத்தாள். அழவில்லையாம். "சரிக்கா, போட்டுப் பாருங்க" என்றாளாம்.

மறுநாள் காலை அக்கா கைப்பட எழுதிய கடிதத்தைத் தட்டச்சு செய்து அவர் மேஜையில் வைத்துவிட்டுத் தேநீருக்குப் போனேன். கடிதம் நீளமில்லை. நடுவில் இப்படி ஒரு வரி இருந்தது: 'இம்மாணவி விதிக்கு மேற்பட்டு எழுபத்திரண்டு நாட்கள் வகுப்பை இழந்தது இவ்வலுவலகம் கொடுத்த சீட்டுகளால். தவறு எங்களுடையது.'

தேநீரைப் பாதியிலேயே வைத்தேன். திரும்பி வந்து அவர் முன்னால் உட்கார்ந்தேன். கடிதத்தின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார்.

"அக்கா, அந்த வரி வேணாமே" என்றேன்.

"ஏன்?"

"விசாரணை வைப்பாங்க. ஆபீஸையே மூடினாலும் மூடுவாங்க. அப்புறம் மத்த பிள்ளைங்க கதி என்ன? நல்ல பொண்ணு, உழைப்பாளின்னு எழுதுவோம். குழுவுல எல்லாருக்கும் உங்க மேல மரியாதை. உங்க கையெழுத்துக்கே விட்டுடுவாங்க."

மற்ற பிள்ளைகள் என்று நான் சொன்னது சுத்தப் பொய். அந்த மாதம் என் பதவி உயர்வுக் கோப்பு பதிவாளர் மேஜையில் இருந்தது. பத்து வருஷம் காத்திருந்த உயர்வு. சீட்டுகளில் என் பெயரின் முதலெழுத்தும் இருந்தது. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

அக்கா ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு கையின் கீழிருந்த காகிதத்தை அப்படியே இழுப்பறைக்குள் தள்ளி மூடினார்.

"சரி. நீங்களே ஒண்ணு எழுதிட்டு வாங்க தம்பி."

எழுதினேன். பூசி மெழுகுவதில் எனக்கு இணை யாருமில்லை. நற்பண்பு, சேவை மனப்பான்மை, பல்கலைக்கழகத்துக்கே பெருமை என்று ஒரு பக்கம் நிரப்பினேன். அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டார். குழுவின் பதில் இரண்டு வாரத்தில் வந்தது. நன்னடத்தை ஒரு காரணமாகாது என்று ஒரே வரி.

ஒரு மாதம் கழித்து அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். கடைத்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கண்ணாடிகளை மெல்லிய துணியால் துடைத்து வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எப்பலேர்ந்தும்மா பாடம் புரியலை?" என்று அக்கா கேட்டார்.

"மொத நாள்ல இருந்தே புரியலக்கா. இயற்பியல் அப்பா போட்டது. எனக்கு வரலாறுதான் படிக்கணும்னு. பாடம் மாத்தற படிவம் வாங்கத்தான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தேன்."

"என்னிக்கு?"

"வேலை இருக்கான்னு கேட்டேனே, அன்னிக்குத்தான்."

அந்தப் படிவத்தை அவள் எத்தனை பேருக்கு நிரப்பிக் கொடுத்தாள் என்று என் மனம் கணக்குப் போட்டது. இருபது பேருக்காவது இருக்கும்.

"அப்போ ஏன்மா சொல்லலை? அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் என் பக்கத்துலேயே இருந்தியே."

அவள் ஒரு கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து மறுபடி துடைத்தாள்.

"எத்தனையோ தடவை வந்தேன்க்கா. எப்பவும் யாராவது இருப்பாங்க. எங்க கிளாஸ் பிள்ளைங்களே இருப்பாங்க. எல்லார் முன்னாடியும் எனக்கு ஒண்ணுமே புரியலைன்னு எப்படிச் சொல்றது? உங்க ரூம்லதான் கதவு இல்லையே."

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். வாடிக்கையாளர் ஒருவர் வந்ததும், "அரை நிமிஷம்க்கா" என்று எழுந்து போனாள். நாங்கள் அவள் திரும்பி வரும்வரை காத்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அதே தச்சர் வந்தார். கதவு மேஜையிலிருந்த படிவங்களையெல்லாம் தரையில் இறக்கி வைத்தோம். ஓரத்தில் அவள் உட்காரும் மூலையில் காய்ந்த பசை ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டட்டுமா என்று தச்சர் கேட்டதற்கு, "இருக்கட்டும்" என்றார் அக்கா. பல வருஷம் படுத்தே கிடந்ததில் பலகை வளைந்துவிட்டது. இழைத்து இழைத்துத்தான் மாட்ட முடிந்தது.

"அன்னிக்கே சொன்னேன், நல்ல கதவும்மா" என்றார் தச்சர்.

"ஆமா. நீங்க சொன்னீங்க" என்றார் அக்கா.

அதன் பிறகு கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும். ஆனால் யாராவது தயங்கி வந்து நின்றால் அக்கா மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, "சாத்திடட்டுமா?" என்று கேட்பார். சந்தைச் சத்தம் குறைந்துபோயிற்று. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சில பிள்ளைகள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்திருக்கிறேன். அவர் பழைய மாதிரி சிரிக்கவில்லை. ஓவிய ஆசிரியர் ஒருநாள் என்னிடம் தனியாக, "என்னப்பா ஆச்சு அவளுக்கு? வீட்டுல நான் என்ன ஜோக் அடிச்சாலும் சுவரைப் பார்த்துட்டு இருக்கா" என்று கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்தேன். எனக்கு அதற்குள் உயர்வு வந்திருந்தது. நான் இப்போது கண்காணிப்பாளர். அதே நாற்காலிதான், மெத்தை மட்டும் புதிது.

நாலு வருஷம் கழித்து அக்கா ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் துணைவேந்தர் முதல் பேச்சாளர். "மாணவர்களுக்காகத் தன் அறைக் கதவையே கழற்றியவர்" என்றார். கைதட்டல். அடுத்தவரும் கதவைக் கழற்றினார். அதற்கடுத்தவரும். கதவு திரும்பி வந்து நாலு வருஷமாயிற்று என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா தலையைக் குனிந்து மாலை நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போகும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும் என் வாயிலிருந்தும் கதவுதான் வந்தது.

கூட்டம் முடிந்து அறையைக் காலி செய்ய உதவிக்குப் போனேன். இழுப்பறையில் இருந்த பழைய உறை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது நீங்க டைப் பண்ணினது தம்பி. உங்ககிட்டயே இருக்கட்டும்."

கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கணவரோடு கிளம்பினார்.

எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய நாள் எப்போதோ வந்துவிட்டது. கடைத்தெருவில் அந்தக் கடை வரும்போது எதிர்ப் பக்கமாக நடந்து, இரண்டு தெரு தள்ளி வேறு கடைக்குப் போகிறேன். அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று கேள்வி.

அக்கா கொடுத்த உறையை அன்றைக்கு வீட்டுக்குப் போய்த்தான் பிரித்தேன். எழுபத்திரண்டு நாட்கள், தவறு எங்களுடையது என்ற வரி இருந்த அந்த முதல் கடிதம். இத்தனை வருஷமும் அதை வெறும் வரைவு என்றுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா முடிவெடுக்கும் முன்னால் நான் ஒரு யோசனை சொன்னேன், அவ்வளவுதானே என்று. கீழே பார்த்தேன். அன்று காலை அவர் கையை விரித்து வைத்திருந்த இடத்தில், அவருடைய கையெழுத்தும் தேதியும் இருந்தன. நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் போட்டு முடித்திருக்கிறார். அலுவலக முத்திரையும் குத்தியிருந்தது.